பாய்ஸ் கம்பெனியா, ஸ்பெஷல் நாடகமா?

மதுரைப் பக்கம் நடிப்பு பழக அந்தக் காலத்தில் இரண்டு வழி. ஒன்று பாய்ஸ் கம்பெனி, அதாவது சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கும் நாடகக் குழு. 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கியது அப்படிப்பட்டதுதான். பாட்டு, வசனம், ஒத்திகை, சாப்பாடு எல்லாம் அங்கேயே, அடியும் உண்டு. சேடபட்டிக்காரர் எஸ்.எஸ்.ராஜேந்திரன் டி.கே.எஸ். நாடகக் குழுவில் பழகியவர். 'பராசக்தி'யில் (1952) அவர் வசனத்தைக் கேட்டாலே அது தெரியும்.

இன்னொன்று ஸ்பெஷல் நாடகம், நடிகர்களைத் தனித்தனியாக அழைத்துத் திருவிழாவில் போடுவது. ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் (நாயகன் வேடக்காரர்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி வேடக்காரர்) வேறு ஊர், மேடையில்தான் சந்திப்பார்கள். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் முற்றும்போது எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார் என்று யாருக்குத் தெரியும்? ஆர்மோனியக்காரர்தான் துணை. சினிமாவுக்குப் போக கம்பெனிப் பயிற்சி தேவலை, சரி. வசனம் மறந்தாலும் சமாளிக்கிற தில்லு வேண்டுமென்றால், விடிய விடிய நடக்கும் திருவிழா மேடைக்குத்தான் என் ஓட்டு.