ஸாகோபானேயில் ஒரே ஒரு பகல்: சிகரமா, ஏரியா?

போலந்தின் தெற்கு எல்லையில், தாத்ரா மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் ஸாகோபானேக்கு நானும் மனைவியும் அம்மாவும் ஒரு செப்டம்பரில் சென்றிருந்தோம். கிராக்கோவிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இரண்டு இரவுத் தங்கலுக்கு நடுவே எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு முழுப் பகல்தான். அதை காஸ்ப்ரோவி வியெர்ஹ் சிகரத்துக்குச் செல்லும் ரோப் காருக்குக் கொடுப்பதா, மோர்ஸ்கியே ஓகோ ஏரிக்குக் கொடுப்பதா என்று முதல் நாள் இரவு வெகுநேரம் பேசி, கடைசியில் ஏரியைத் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வு ஏரியின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது பெயரான குபவூஃப்கா குன்றை இந்தப் போட்டியில் சேர்க்க வேண்டியதில்லை. பழனியில் விஞ்ச் என்கிறோமே, அதே வகையான இழுவை ரயில் அங்கே 1938 முதல் ஓடுகிறது. கடைத்தெருவான க்ருபூஃப்கியின் கீழ்க்கோடியில் ஏறினால் சில நிமிடங்களில் 1,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இறக்கிவிடும். மேலே ஒரு திருவிழாக் கடைவீதி இருக்கிறது. சுட்ட ஒஸ்த்சிபெக் என்னும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியின் புகைமணம் எங்கும் சுற்றுகிறது. எதிரே தாத்ரா மலைகள் முழு நீளத்துக்கும் மதில்போல் நிற்கின்றன. 1901-இல் நட்ட 15 மீட்டர் உயர இரும்புச் சிலுவையோடு நிற்கும் கியெவோந்த் சிகரத்தைப் பார்க்க இதைவிட எளிய இடம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். நாங்கள் வந்திறங்கிய அன்றே அதை முடித்துவிட்டோம்.

காஸ்ப்ரோவி வியெர்ஹ் அப்படி எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. குஷ்னித்சேயிலிருந்து கிளம்பும் ரோப் கார், நடுவில் ஒரு நிலையத்தில் வண்டி மாற்றி, 900 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து, 1,987 மீட்டர் உயரச் சிகரத்துக்கு அருகில் கொண்டு சேர்க்கிறது. ஸ்லோவாக்கியாவின் எல்லை அந்த முகட்டின் மீதே ஓடுகிறது. 1938-இல் கட்டிய வானிலை ஆய்வகமும் அங்கேதான் இருக்கிறது. ரோப் கார் அதற்கும் மூத்தது. மலையைக் கெடுக்கும் என்று இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தும், அரசின் இயற்கைப் பாதுகாப்புக் குழுவினர் கூண்டோடு பதவி விலகியும், ஓராண்டுக்குள் கட்டி முடித்து 1936-இல் திறந்துவிட்டார்கள். 2007-இல் பெட்டிகளையும் இயந்திரங்களையும் மாற்றி அதைப் புதுப்பித்தனர். முழங்கால் வலிக்காமல் இரண்டாயிரம் மீட்டர் முகட்டில் நிற்க வேண்டும் என்றால் போலந்தில் இதற்கு இணையான வழி இல்லை. அறுபத்து நான்கு வயது அம்மாவோடு சென்ற எங்களுக்கு அது சிறிய சலுகையா என்ன?

இருந்தும் எங்கள் முடிவை மாற்றியது ஒன்றே: மேகம் இறங்கினால் கையில் என்ன மிஞ்சும் என்ற கணக்கு.

தேசியப் பூங்காவின் கட்டுப்பாட்டால் கோடையில் மணிக்கு 180 பேரை மட்டுமே இந்த ரோப் கார் மேலே ஏற்றலாம். குளிர்காலத்தில் அதைப் போல் இரு மடங்கு. மலையின் நலனுக்கு அது நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவாகக் கூட்டம் மிகுந்த நாள்களில் சீட்டை முன்கூட்டியே, நாளும் நேரமும் குறித்து வாங்க வேண்டியிருக்கிறது. தாத்ராவின் வானிலையோ நாளும் நேரமும் பார்த்து நடப்பதில்லை. கோடைப் பிற்பகல்களில் இடி மின்னல் வருவது அங்கே வழக்கம். ஹால்னி என்னும் தெற்கத்திய மலைக்காற்று பலமாக வீசினால் வண்டியையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே முன்பே வாங்கினால் வானத்தோடு சூதாட்டம். வானம் தெளியட்டும் என்று பொறுத்தால் அதே எண்ணத்தோடு வந்த எல்லோரும் நிற்கும் வரிசை. இருவழிச் சீட்டு எடுத்தவர்கள் மேலே தங்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு என்பதால், மேகம் விலகும்வரை அங்கேயே காத்திருக்கலாம் என்பதும் நடக்காது. எங்களுக்கு முந்தைய நாள் மேலே போய்வந்த ஒரு தம்பதியை விடுதியில் சந்தித்தோம். நிலையத்தின் தேநீர்க்கடையும் அதன் சன்னலுக்கு வெளியே வெள்ளையும் தவிர அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

ஏரியிலும் மேகம் இறங்கும். ஆனால் ரோப் காரில் போகிறவர் ஒரு காட்சிக்காகவே போகிறார். ஏரிக்குப் போகிறவருக்கு வழியே பாதிப் பயணம். ஊரின் பேருந்து நிலையத்திலிருந்து சிற்றுந்தில் பாலெனித்சா பியாவ்சான்ஸ்காவில் இறங்கினால், அங்கிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை, 400 மீட்டர் ஏற்றம். ஊசியிலைக் காட்டின் ஊடே மூன்று கிலோமீட்டர் அளவு நடந்ததும், கவிஞர் மித்ஸ்கியேவிச்சின் பெயர் கொண்ட அருவிகளைப் பாலத்தின் மேல் நின்றே பார்க்கலாம். சாலைக்கு ஓஸ்வால்ட் பால்செர் என்ற சட்ட வரலாற்றாசிரியரின் பெயர். இந்த ஏரி யாருக்கு என்று, அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த போலந்துப் பகுதியான கலீசியாவுக்கும், இன்றைய ஸ்லோவாக்கியாவை அப்போது உள்ளடக்கியிருந்த ஹங்கேரிக்கும் நடந்த வழக்கில், 1902-இல் கிராட்ஸ் நகர நடுவர் மன்றத்தில் கலீசியாவுக்காக வாதாடி வென்றவர் அவர். அன்று தீர்ப்பு மாறியிருந்தால் நாங்கள் ஸ்லோவாக்கியாவில் அல்லவா நடந்திருப்போம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அதைவிட அடுத்த பெஞ்சு எங்கே இருக்கிறது என்பதே முக்கியமாக இருந்தது.

நிறுத்தி நிறுத்தி மூன்றரை மணி நேரம் ஆயிற்று. நாங்கள் சேர்ந்தபோது சிகரங்கள் எதுவும் தெரியவில்லை, 34.5 ஹெக்டேர் பரப்பும் 50 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்ட நீர், மேகத்தின் அடியில் கரும்பச்சையாகக் கிடந்தது. தாத்ராவின் மிகப் பெரிய ஏரி என்பது அப்போதுதான் மனத்தில் உறைத்தது. 1908-இல் கட்டிய மலைவிடுதியில் அம்மாவும் மனைவியும் சூப்போடும் ஆப்பிள் கேக்கோடும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் கரையைச் சுற்றிச் சென்று, 1,583 மீட்டர் உயரத்தில் இருக்கும் அடுத்த ஏரியான சார்னி ஸ்தாவுக்குக் கற்படிகளில் ஏறினேன். மேலே நின்ற அரைமணி நேரத்தில் மேகம் கிழிந்து, போலந்தின் மிக உயர்ந்த சிகரமான ரிசியின் பாறைச் சுவர் கொஞ்சம் தெரிந்து, மறுபடி மூடிக்கொண்டது. அந்தக் கொஞ்சம் கிடைக்காமல் போயிருந்தாலும் பகல் வீணாகியிருக்காது.

ஏரியின் குறைகளும் சிறியவை அல்ல. தார்ச்சாலை சலிப்பூட்டுகிறது, கூட்டமும் மிகுதி, சொந்தக் காரில் வருகிறவர்கள் நிறுத்துமிடத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். குதிரை வண்டிகள் உண்டு. அவையும் ஏரிவரை போகாமல் முன்னதாகவே நின்றுவிடும். அந்த ஏற்றத்தில் குதிரைகள் படும் பாட்டை விலங்கு நல அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகின்றன. நுரை தள்ளிய ஒரு குதிரையைப் பார்த்த பிறகு அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். ஏற்றத்தைவிட இறக்கம்தான் அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. நடக்கவே இயலாதவர்களோடு வருகிறவர்கள் என் சாய்வைப் பொருட்படுத்தாமல், வானம் பார்த்து ரோப் காருக்கே போகலாம்.

நாள் முழுதும் மழை என்றால் இரண்டுமே வேண்டாம். ஸாகோபானே பாணிக் கட்டடக்கலையை உருவாக்கிய ஸ்தானிஸ்வாவ் வித்கியேவிச் 1890-களில் வடிவமைத்த கோலிபா மரமாளிகை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போவதே நல்லது. குளிர்காலத்தில் நான் சென்றதில்லை. பனிச்சறுக்குக்காரர்களுக்கு காஸ்ப்ரோவிக்கு மாற்று இல்லை என்பது தெரிந்ததே. உறைந்த ஏரியைப் பற்றி என்னால் சொல்ல இயலாது. நல்ல கால்கள் உடையவர்கள் ரோப் காரில் ஏறி, கோன்ஷெனித்சோவா பள்ளத்தாக்கு வழியாக குஷ்னித்சேக்கு நடந்தே இறங்கலாம். அப்படிச் செய்தால் என் தீர்ப்பு மாறவும் கூடும். நான் அதை முயன்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிப் பேருந்துக்காக நாங்கள் காத்திருந்தபோது, காஸ்ப்ரோவியின் மேல் துளி மேகம் இல்லை. உச்சியில் இருந்த ஆய்வகம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.