பிராய்லர் தீவனச் சேர்மானங்கள்: எங்கள் பண்ணையில் நின்றதும் நிறுத்தியதும்

உடுமலைப் பக்கம், கம்பெனி ஒப்பந்தம் இல்லாமல் சொந்தமாக பிராய்லர் வளர்க்கிறோம். தீவனமும் மருந்தும் கைக்காசு. அதனால் மருந்துக் கம்பெனி ரெப் கொண்டுவரும் டப்பா ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்தாக வேண்டும். எஃப்சிஆர் (ஒரு கிலோ எடை ஏறத் தின்னும் தீவனத்தின் கிலோ கணக்கு) 1.7 இலிருந்து 1.6 ஆக இறங்கினால் இரண்டு கிலோ கோழிக்கு 200 கிராம் தீவனம் மிச்சம். ஒரு மருந்துக்குக் கோழி ஒன்றுக்கு ஆகும் செலவு அந்த 200 கிராம் விலையைத் தாண்டினால் அது எனக்கு வேண்டாம். புதிதாக எது வந்தாலும் ஒரு ஷெட்டுக்கு மட்டும் கொடுப்பேன். பக்கத்து ஷெட்டில் அதே குஞ்சு, அதே தீவனம். வாராவாரம் எடை போட்டால் விளம்பரம் எது, விஷயம் எது என்று தெரிந்துவிடும்.

முதல் மார்க் டாக்சின் பைண்டருக்கு, அதாவது தீவனத்தில் உள்ள பூஞ்சை நஞ்சைப் பிடித்துவைக்கும் பொருளுக்கு. மழைக்காலத்தில் வரும் மக்காச்சோளத்தில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு வரும். அது நேராக ஈரலை அடிக்கும், போட்ட தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாது. செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளிறி மஞ்சளாக இருக்கும். பென்டோனைட் போன்ற களிமண் வகைப் பைண்டர் அஃப்லாடாக்சினை நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் டி-2 மாதிரியான மற்ற நஞ்சுகளை அதனால் அவ்வளவாகப் பிடிக்க முடியாது. டி-2 வாயில் புண்ணை உண்டாக்கும்; அப்படிக் கோழிகளைப் பார்த்தால் பைண்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் அந்த லோடு தீவனத்தையே மாற்றுவதுதான் சரி.

அடுத்தது, தண்ணீரில் கலக்கும் அசிடிஃபயர், அதாவது பிஹெச்சைக் குறைக்கும் அமிலம். எங்கள் போர் தண்ணீர் உப்பு, பிஹெச் எட்டை ஒட்டி நிற்கும். ஃபார்மிக், புரொபியோனிக் அமிலம் சேர்ந்த திரவத்தைக் கொடுத்த ஷெட்டில் மூன்றாவது வாரத்தில் லிட்டர் (தரையில் பரப்பிய உமி, தூள் படுக்கை) காய்ந்து கிடந்தது, அம்மோனியா நெடியும் குறைவு. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, கழிச்சலும் இறப்பும் குறைந்ததில்தான் லாபம். ஆரம்பத்தில் குழாயில் படிந்த பாசி கழன்று வந்து கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளை அடைக்கும், லைனை ஃப்ளஷ் செய்யுங்கள். லசோட்டா (வெள்ளைக்கழிச்சல்), கம்போரோ தடுப்பூசிகளைத் தண்ணீரில் கொடுக்கும் நாளுக்கு முன்பே அமிலத்தையும் குளோரினையும் நிறுத்திவிட வேண்டும். இரண்டும் தடுப்பூசியின் உயிர் வைரஸைக் கொன்றுவிடும்.

புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா) விஷயத்தில் என் கருத்து பாதிப் பாதி. ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்த பிறகு கொடுத்தால் கோழி சீக்கிரம் தேறுகிறது. நன்றாகப் போகிற பேட்சில் கொடுத்தால் தராசுக்குத் தெரிவதில்லை. சூடாக்கி அழுத்திச் செய்யும் பெல்லட் தீவனத்தில் கலப்பதென்றால் பேசில்லஸ் வகை வாங்குங்கள், அதன் வித்துகள் சூட்டைத் தாங்கும். லாக்டோபேசில்லஸ் தாங்காது.

தானியத்தில் உள்ள பாஸ்பரஸைக் கோழிக்குக் கிடைக்கச் செய்யும் ஃபைட்டேஸ் என்சைம் நல்ல பொருள்தான். ஆனால் தீவன மில்லிலேயே பெரும்பாலும் சேர்த்துவிடுகிறார்கள், தனியாக வாங்கினால் இரட்டைச் செலவு. லிவர் டானிக்கை நிறுத்திவிட்டேன், வாசனையைத் தவிர வித்தியாசம் எதுவும் காணோம்.

சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது உடலிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. சோடா உப்பு, எலக்ட்ரோலைட், வைட்டமின் சி, பீட்டேயின் எல்லாம் கொடுத்திருக்கிறேன், கோழி தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறது. சோடா உப்பையும் அசிடிஃபயரையும் ஒரே தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், ஒன்றை ஒன்று முறித்துவிடும். அப்புறம், நண்பகலில் தீவனத்தைத் தூக்கிவிட்டு ஃபாகர் (பனிபோல் தண்ணீர் தெளிக்கும் கருவி) ஓட்டியது இந்த டப்பாக்கள் எல்லாவற்றையும்விட அதிக கோழிகளைக் காப்பாற்றியது.

உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் போடாத ‘குரோத் பவுடர்’ பக்கமே போகாதீர்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியாவில் 2019இலேயே தடை வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 2006இலேயே நிறுத்திவிட்டது.

இன்னொன்று. ரத்தக்கழிச்சல் வராமலிருக்க உங்கள் தீவனத்தில் சாலினோமைசின் அல்லது மோனென்சின் இருந்தால், சளிக்கு டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கோழி கால் விழுந்து சாகும். டாக்டருக்குப் போன் செய்யும்போது தீவன மூட்டையின் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.