கிராட்ஸ் நகரத்து ஐ.இ.எம். பிளக்-இன் தொகுப்பு: சூழொலி பழக ஓர் இலவசப் பட்டறை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தை நான்கு கேப்சூல் (ஒலியைப் பிடிக்கும் உறுப்பு) கொண்ட மைக்கில் பதிவு செய்து வந்து, வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டபோது, எனக்குப் பின்னால் நின்றிருந்த விசைப்படகின் எஞ்சின் என் முகத்துக்கு நேரே ஓடிக்கொண்டிருந்தது. ஏலம் கூறியவரின் குரல் முன்னாலும், காக்கைகள் தலைக்கு மேலும், ஐஸ் உடைக்கும் ஓசை வலப்பக்கத்திலும் சரியாகவே இருந்தன. எஞ்சின் மட்டும் இடம் மாறியிருந்தது. அது ஏன் அப்படிக் கேட்டது என்பதைப் புரியவைத்த கருவியைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், இசைக்கும் நிகழ்த்து கலைகளுக்குமான பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் மின்னணு இசை, ஒலியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய தொகுப்பு இது. நிறுவனப் பெயரின் சுருக்கத்தைக் கொண்டு ஐ.இ.எம். பிளக்-இன் சூட் என்று அழைக்கிறார்கள். ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகிப் பயன்படுத்தும் சிறு நிரல்களே பிளக்-இன்கள். இது இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. 1970-களில் ஆக்ஸ்போர்டின் மைக்கேல் கெர்சன் முதலானோர் வகுத்த ஆம்பிசானிக்ஸ் முறையில் இயங்குகிறது. ஒலியை இந்த ஸ்பீக்கருக்கு இவ்வளவு, அந்த ஸ்பீக்கருக்கு அவ்வளவு என்று பங்கிடாமல், கேட்பவரைச் சுற்றியுள்ள கோளம் முழுவதன் ஒலிப்புலத்தையும் சேமித்து வைத்துக்கொண்டு, ஹெட்ஃபோனுக்கோ ஸ்பீக்கர்களுக்கோ எது வேண்டுமோ அதற்குக் கடைசியில் பிரித்தெடுப்பதே அம்முறையின் அடிப்படை. அந்தப் புலத்தை எவ்வளவு நுணுக்கமாகச் சேமிக்கிறோம் என்பதன் படிநிலையை வரிசை என்பார்கள். முதல் வரிசைக்கு 4 சேனல்கள் போதும். மூன்றாம் வரிசைக்கு 16, ஐந்தாம் வரிசைக்கு 36, இந்தத் தொகுப்பு எட்டக்கூடிய ஏழாம் வரிசைக்கு 64 சேனல்கள் வேண்டும். வரிசை ஏற ஏற, ஒலி வரும் திசை கூர்மையாகும்.

இத்தனை சேனல்களை ஒரே டிராக்கில் தாங்கும் மென்பொருள் தேவைப்படுவதால், பெரும்பாலோரைப் போல நானும் ரீப்பரைப் பயன்படுத்தினேன். அதை 60 நாட்கள் எந்தத் தடையும் இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். அதன்பின் தனிநபர் உரிமம் 60 டாலர். ஆனால் அதில் புதிதாகத் திறக்கும் டிராக் ஒவ்வொன்றும் இரண்டு சேனல்களுடன்தான் பிறக்கிறது. அதை மாற்ற மறந்து ஒரு மாலைப்பொழுது முழுவதையும் வீணாக்கினேன். ஆம்பிசானிக்ஸ் சேனல்களை அடுக்கும் ஆம்பியெக்ஸ் என்ற வடிவத்தில் முதல் சேனல் எல்லாத் திசை ஒலியையும், இரண்டாவது சேனல் இட வல வேறுபாட்டையும் சுமக்கின்றன. மேல் கீழும் முன் பின்னும் மூன்றாவது, நான்காவது சேனல்களில்தான் வருகின்றன. எனவே முதல் இரண்டு மட்டும் கடந்து போனபோது இடம் வலம் ஒழுங்காகக் கேட்டது. முன்னும் பின்னும் உயரமும் அடியோடு காணாமற்போயின. பிளக்-இன்னின் தலைப்புப் பட்டையில் ஒரு சிறிய எச்சரிக்கை முக்கோணம் அவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். ஒலி ஒரு காதை எட்டுவதற்கும் மறு காதை எட்டுவதற்கும் இடையே உள்ள தாமதம் ஒரு மில்லி விநாடியைக்கூடத் தொடாது, அதிகபட்சம் 0.7 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். வலப்பக்கம் முன்னே 30 பாகையில் இருக்கும் ஒலிக்கும், பின்னே 150 பாகையில் இருக்கும் ஒலிக்கும் இந்தத் தாமதம் ஏறத்தாழ ஒன்றே. இரண்டையும் பிரித்தறிய மூளை நம்பியிருப்பது காதுமடலின் மடிப்புகள் ஒலியில் ஏற்படுத்தும் நுண்ணிய மாற்றங்களை. ஒலிப்புலத்தை ஹெட்ஃபோனுக்கான இரு காது ஒலியாகப் பிரித்தெடுக்கும் இத்தொகுப்பின் பைனாரல் டிகோடர் பயன்படுத்துவது நாய்மன் கே.யூ.100 என்ற செயற்கைத் தலையில் எடுத்த அளவுகளை. அந்தத் தலையின் காது என் காது அல்ல. எனவே முன் பின் தடுமாற்றம் எனக்கு ஏற்பட்டதில் வியப்பில்லை. ஒலிக்காட்சியைத் திருப்பும் சீன் ரொட்டேட்டர் பிளக்-இன்னைத் திறந்து, காட்சி முழுவதையும் மெல்ல இடப்பக்கமாகச் சுழற்றினேன். ஏலம் கூறியவரின் குரல் இடக்காதை நோக்கி நகர்ந்தது. எஞ்சினோ வலக்காதை நோக்கி நகர்ந்தது. பின்னால் இருப்பதுதான் அப்படி எதிர்த்திசையில் நகரும். அந்த நொடியிலிருந்து எஞ்சின் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. சுழற்றுவதை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அங்கேயே இருந்தது. தலையசைவை அளக்கும் கருவிகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்பதை எந்தப் பாடத்திலும் இவ்வளவு தெளிவாக நான் உணர்ந்ததில்லை. அப்படிப்பட்ட கருவியை இந்த சீன் ரொட்டேட்டருடன் நேரடியாக இணைக்கவும் வழி இருக்கிறது.

தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது எனர்ஜி விஷுவலைசர். கோளத்தை விரித்து வரைந்த ஒரு படத்தில், எந்தத் திசையில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதை நிறங்களாகக் காட்டும் எளிய பிளக்-இன் அது. காசிமேட்டுப் பதிவை அதில் ஓடவிட்டபோது காக்கைகளின் நிறத்திட்டு அடிவானத்தை ஒட்டி இறங்கிக் கிடந்தது. ஏலக்குரலும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. மொத்தத்தில் காட்சி முழுவதும் இடப்புறப் பின்பகுதியை நோக்கிக் கீழே சரிந்திருந்தது. தலைக்கு மேல் காக்கைகளைக் கேட்டதாக நான் முதலில் நினைத்தது காக்கை மேலேதான் இருக்கும் என்ற பழக்கத்தால் வந்த மயக்கம்! காரணம் பதிவுக் கருவியில் இருந்தது. நான்கு கேப்சூல்களுக்கும் ஒலிப்பெருக்க அளவு துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். பையிலிருந்து எடுக்கும்போது மூன்றாவது குமிழ் சற்றுத் திரும்பிவிட்டிருக்கிறது. ஆம்பியெக்ஸ் வடிவத்துக்கு மாற்றுவதற்கு முந்தைய, கேப்சூலுக்கு ஒன்றான நான்கு டிராக்குகளின் பின்னணி இரைச்சலை ஒப்பிட்டுப் பார்த்து, மூன்றாவதை 4 டெசிபெல் குறைத்து, மைக் தயாரிப்பாளரின் மென்பொருள் வழியே மறுபடியும் மாற்றியதும் காக்கைகள் மேலே ஏறின. இந்த மாற்றும் வேலைக்கு ஐ.இ.எம். தொகுப்பில் பிளக்-இன் இல்லை என்பதை மைக் வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

கலவைக்கு, அதாவது மிக்சிங்குக்கு, வருவோம். முதல் வரிசை மைக்கில் பதிவானது இயல்பிலேயே சற்று மங்கலானது. ஒவ்வொரு ஒலியும் ஒரு புள்ளியாக இல்லாமல் பரந்த திட்டாகவே இருக்கும். ஏலம் கூறுபவருக்கு அருகில் தனியாக ஒரு மோனோ மைக்கும் வைத்திருந்தேன். அதை, ஒலியை வேண்டிய திசையில் வைக்கும் ஸ்டீரியோ என்கோடர் வழியாக ஐந்தாம் வரிசையில் அதே திசையில் வைத்து, டிராக்குகள் ஒன்றுசேரும் 36 சேனல் பஸ்ஸில் சூழல் பதிவோடு சேர்த்தேன். முதல் வரிசைப் பதிவு அந்த பஸ்ஸின் முதல் நான்கு சேனல்களில் தானாகவே பொருந்திவிடுகிறது. வேறு எந்த மாற்றமும் தேவையில்லை. மங்கலான சூழலுக்கு நடுவே ஒரு குரல் மட்டும் கூர்மையாக எழுந்து நின்றது. ஆனால் அது சூழலில் ஒட்டாமல், சுவரில் ஒட்டிய சுவரொட்டிபோல் தனித்துத் தெரிந்தது. அறையின் எதிரொலிகளை உண்டாக்கும் ரூம் என்கோடரில் ஒரு பெரிய கூடத்தை அமைத்து, மூலத்தை நான்கு மீட்டர் தள்ளி வைத்த பிறகே குரல் அந்த இடத்துக்கு உரியதாயிற்று. 200-க்கும் மேற்பட்ட எதிரொலிகளை அது ஒவ்வொன்றையும் அதற்குரிய திசையிலேயே கணக்கிடுகிறது. என் பழைய மடிக்கணினி மூச்சு வாங்கியதால் 30 அளவுக்குக் குறைத்துக்கொண்டேன், வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும், நான் உட்பட, முதலில் செய்வது ஒலியைத் தலையைச் சுற்றிப் பம்பரம்போல் சுழலவிடுவதுதான். அந்த ஆசை இரண்டு நாளில் தீர்ந்துவிடும். தூரத்தை உண்டாக்குவது நேரொலிக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம் என்பதைக் காது பழகிக்கொண்ட பின்னரே கலவை கலவையாகிறது.

உரத்த ஒலியை அமுக்கிச் சமன்படுத்தும் கம்ப்ரஸர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வழக்கமான ஸ்டீரியோ கம்ப்ரஸரை ஆம்பிசானிக் பஸ்ஸில் போட்டு, அது ஒவ்வொரு சேனலையும் தனித்தனியே அமுக்கினால் சேனல்களுக்கு இடையிலான விகிதம் குலைந்து திசைகள் அலையும். இதற்கென்றே உள்ள ஆம்னி கம்ப்ரஸர், முதல் சேனலின் அளவை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் ஒரே அளவில் அமுக்குகிறது. ஒரு குறிப்பிட்ட திசையை மட்டும் கையாளும் டைரக்‌ஷனல் கம்ப்ரஸரும் உண்டு. எஞ்சினை மட்டும் அடக்கப் பார்த்தேன், முதல் வரிசைப் பதிவில் அதன் பிடி அகலமாக இருப்பதால் பக்கத்தில் இருந்தவையும் சேர்ந்தே அடங்கின. மற்ற பிளக்-இன்கள் வேண்டும்போது பழகிக்கொள்ளத் தக்கவை.

குறைகள் இல்லாமல் இல்லை. விளக்கக் குறிப்புகள் சுருக்கமானவை. கோட்பாடு தெரிந்தவருக்கு எழுதியதைப்போல் இருக்கின்றன. அதே நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் எழுதி 2019-இல் வெளிவந்த ஆங்கிலப் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தாலும், அதில் கணிதம் தூக்கலாக இருக்கிறது. டால்பி அட்மாஸ் வடிவில் பாடலை வெளியிடுவதே உங்கள் நோக்கமானால் இத்தொகுப்பு அதற்கு உரியதன்று. அட்மாஸ் என்பது நிலையான ஸ்பீக்கர் இடங்களுக்கான 7.1.2 படுகையும் அதன்மேல் நகரும் ஒலிப்பொருள்களும் கொண்ட வேறு அமைப்பு. மைனஸ் 18 எல்.கே.எஃப்.எஸ். என்ற உரப்பு வரம்பு முதல் கோப்பு வடிவம் வரை அதற்கென்று தனி விதிகள் உண்டு. எனினும் திசை, தூரம், உயரம் ஆகியவற்றைக் காது எப்படி அறிகிறது என்ற அடிப்படை இரண்டுக்கும் பொதுவானது. சில ஆண்டுகளுக்கு முன் கணிசமான கட்டணம் செலுத்தி நான் சேர்ந்த ஒரு வார இறுதிப் பயிற்சியில் அட்மாஸ் மென்பொருளின் பொத்தான்களைக் காட்டினார்களே தவிர, இந்த அடிப்படையைத் தொடவில்லை.

இன்று தொடங்குகிறவராக இருந்தால் பணத்தை முதலில் நல்ல ஹெட்ஃபோனில் போடுங்கள். பைனாரல் டிகோடரில் சில பிரபலமான ஸ்டூடியோ ஹெட்ஃபோன் மாடல்களுக்கான திருத்தங்கள் உள்ளடங்கியிருப்பதால், அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குவது இன்னும் நல்லது. பிறகு கையில் இருக்கும் ஏதேனும் ஒரு மோனோ பதிவை எடுத்து, ஒரு வாரம் ரூம் என்கோடரில் முன்னும் பின்னும் நகர்த்திப் பழகுங்கள். ஆம்பிசானிக் மைக்கை வாடகைக்கு எடுப்பது கடைசி வேலை; எடுக்கும் நாளில், குமிழ்கள் நான்கையும் ஒரே அளவில் வைத்தவுடன் அவற்றின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.