14,999 ரூபாய் இம்ப்ளான்ட், ஸ்டிக்கர் இல்லாத பில்

பெரம்பூரில் ஒரு 58 வயது அம்மா. கீழ்த்தாடை வலப்பக்கத்தில் முதல் கடைவாய்ப் பல்லை எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "இம்ப்ளான்ட் 14,999 மட்டுமே" என்ற போர்டைப் பார்த்து ஒரு கிளினிக்குக்குள் போனார். எல்லாம் முடிந்தபோது மொத்தச் செலவு 58,999. கேப் (மேலே பொருத்தும் செயற்கைப் பல்) மாட்டிய ஏழாவது மாதம் அது ஆடத் தொடங்கியது. கடைசியில் தாடைக்குள் வைத்ததையே கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று. அவர் சம்மதத்தோடு, அடையாளங்களை மறைத்து இதை எழுதுகிறோம். கிளினிக்கின் பெயர் வேண்டாம். ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த கிளினிக்குக்குள் தைரியமாக நுழைந்துவிடுவீர்கள்.

முதலில் அந்த 14,999 எப்படி 58,999 ஆனது என்று பார்ப்போம். போர்டில் இருந்த விலை ஃபிக்ஸ்சருக்கு மட்டும். அதாவது எலும்புக்குள் போகும் டைட்டானியம் திருகு. அதை வைத்துக்கொண்டு ஒரு இட்லிகூடக் கடிக்க முடியாது. அதற்கு மேல் ஈறு வடிவாக ஆறுவதற்கு வைக்கும் ஹீலிங் கேப் 3,500. "எலும்பு கம்மியா இருக்கு" என்று எலும்புத் தூள் 12,000. திருகையும் பல்லையும் இணைக்கும் அபட்மென்ட் 9,500. ஜிர்கோனியா கேப் 15,000. கடைசியாக "சர்ஜரி கிட் சார்ஜ்" என்று 4,000. இந்தக் கடைசி வரி என்னவென்று எங்களுக்கும் புரியவில்லை. டிரில் பிட்டுகளும் திருகை முறுக்கும் ராட்செட்டும் கிளினிக்கின் சொந்தச் சாமான்கள். தையல்காரர் கத்தரிக்கோலுக்குத் தனி பில் போடுவதில்லை.

ஒரு பல்லுக்கு இம்ப்ளான்ட் என்றால் ஃபிக்ஸ்சர், ஹீலிங் கேப், அபட்மென்ட், அதன் திருகு, கேப் எல்லாம் சேர்ந்ததுதான். விலை கேட்கும்போது, "கடித்துச் சாப்பிடும் பல்லாக என் வாயில் முடிகிற வரைக்கும் மொத்தம் எவ்வளவு, அதில் எதெல்லாம் அடக்கம்?" என்று கேட்டு, லெட்டர் பேடில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அன்றைக்கே கிளம்பிவிடலாம்.

எலும்புத் தூள் தேவைப்படவே படாது என்று சொல்ல வரவில்லை. பல் எடுத்த இடத்தில் எலும்பு கரைவது இயல்பு. முதல் ஒரு வருஷத்தில் அகலத்தில் பாதிகூடப் போய்விடும். ஆனால் அகலம் எவ்வளவு என்று பார்க்க, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும். இந்த அம்மாவுக்கு எடுத்தது ஓபிஜி, அதாவது முழுத் தாடையையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே மட்டும். ஓபிஜியில் தாடை தட்டையாக விரித்த படமாகத்தான் தெரியும். உயரம் கொஞ்சம் பெருத்துக் காட்டும். அகலம் சுத்தமாகத் தெரியாது. ஓபிஜியைக் காட்டி அகலம் குறைவு என்று ஒருவர் சொன்னால், அது படத்தில் பார்த்த விஷயமில்லை. தூள் சின்ன குப்பியில், அரை கிராம், கால் கிராம் என்ற அளவில் வரும். அதற்கும் கம்பெனி பெயர், லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் உண்டு. 12,000 ரூபாய் கொடுத்தவரிடம் அந்த ஸ்டிக்கர் இல்லை.

இந்த ஸ்டிக்கர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவின் கதை முழுக்க அதில்தான் சிக்கியது.

ஒழுங்கான எந்த இம்ப்ளான்ட்டும் சீல் வைத்த டப்பாவில், ஸ்டெரைல் செய்த குப்பிக்குள் வரும். டப்பாவோடு உரித்து ஒட்டும்படியான ஸ்டிக்கர்கள் இருக்கும். அதில் கம்பெனி, மாடல், விட்டமும் நீளமும் (4.5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்பதுபோல), ரெஃபரன்ஸ் நம்பர், லாட் நம்பர், காலாவதித் தேதி இருக்கும். ஒன்று கிளினிக்கின் கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. இந்த அம்மாவின் பில்லில் இருந்தது: "இம்ப்ளான்ட் - 1". என்ன கம்பெனி என்று போனில் கேட்டதற்கு "ஜெர்மன் கம்பெனிம்மா" என்று பதில். ஜெர்மன் என்பது கம்பெனி பெயர் இல்லை.

பெயர் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும்? அபட்மென்ட் திருகைக் கழற்ற வேண்டுமானால் அதன் தலைக்குப் பொருந்தும் டிரைவர் வேண்டும். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தலை வேறு: அறுகோணம், நட்சத்திரம், சதுரம், அதிலும் அளவு பத்தில் ஒரு மில்லிமீட்டர், அதற்கும் குறைவாக மாறும். தப்பான டிரைவரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். அப்புறம் அந்தத் திருகு வெளியே வராது. இந்த அம்மாவின் கேப்பில் மேலிருந்து துளையிட்டுத் திருகை எட்டிய பிறகு, எக்ஸ்ரேயில் தெரிந்த மரை வடிவத்தை வைத்து எந்த சிஸ்டமாக இருக்கலாம் என்று ஊகித்து, டிரைவர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. நாலாவது பொருந்தியது. ஸ்டிக்கர் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

திருகு கழன்றபின் தெரிந்தது இரண்டாவது கோளாறு. ஃபிக்ஸ்சர் ஒரு கம்பெனி, அபட்மென்ட் அதற்கு "பொருந்தும்" என்று சொல்லி விற்கும் வேறொன்று. எக்ஸ்ரேயில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. அந்த இடுக்கு இருந்தால் ஒவ்வொரு கடிக்கும் அபட்மென்ட் துளி அசையும், திருகு தளரும், உள்ளே கிருமி குடியேறும். அபட்மென்ட் உட்கார்ந்ததும் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்துக் கோடு இல்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் கேப் மாட்ட வேண்டும். பிறகு டார்க் ராட்செட்டால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ராட்செட்) கம்பெனி சொன்ன அளவுக்கு, பல சிஸ்டங்களில் 25 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை, முறுக்கி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை முறுக்குவது வழக்கம். வெறும் கை டிரைவரால் திருகினால் அந்தப் பிடிப்பு வராது. உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் அளவுக்கோடு போட்ட ராட்செட் வந்ததா என்று கவனிக்கலாம், பார்த்தாலே தெரியும்.

மூன்றாவது, சிமென்ட். கேப்பை ஒட்டும்போது பிதுங்கி ஈறுக்கடியில் போன சிமென்ட்டை எடுக்கவில்லை. அது கல் மாதிரி இறுகி, அதைச் சுற்றிச் சீழ் கட்டி, மூன்று மரை ஆழத்துக்கு எலும்பு கரைந்திருந்தது. ஈறுக்கு அடியில் ஆழமாகக் கேப்பின் விளிம்பு போனால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டராலும் சிமென்ட்டை முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் முடிந்த இடத்தில் எல்லாம் ஸ்க்ரூ போட்டு மாட்டும் கேப் கேளுங்கள். மேலே ஒரு சின்னத் துளை இருக்கும். பிளம்பர் பைப்பில் சுற்றுகிறாரே, அதே வெள்ளை டெஃப்லான் டேப்பை உள்ளே திணித்து மேலே பல் நிறத்தில் அடைப்பார்கள். பிரச்சினை வந்தால் அடைப்பை எடுத்து, கழற்றி, சுத்தம் செய்து மறுபடி மாட்டிவிடலாம். முன்பல்லில் துளை வெளிப்பக்கம் வரும் சில வாய்களுக்கு இது சரிப்படாது. கடைவாய்க்குப் பெரும்பாலும் சரிப்படும்.

இனி பொதுவாகச் சில.

"மூணே நாளில் பல்" என்ற விளம்பரம் இப்போது மேம்பாலத் தூண் வரைக்கும் வந்துவிட்டது. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதைக் கண்டுபிடித்து 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தவர் ஸ்வீடனின் பெர் இங்வார் பிரோனமார்க். அறுபது வருஷம் ஆகியும் எலும்பு தன் வேகத்தில்தான் வளர்கிறது. கீழ்த்தாடைக்கு இரண்டு மூன்று மாதம், மேல்தாடைக்கு மூன்று முதல் ஆறு மாதம் என்பது வழக்கமான காத்திருப்பு. உடனே பல் கட்டும் முறை உண்மையிலேயே இருக்கிறது. ஃபிக்ஸ்சர் வைக்கும்போதே 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்குப் பிடிப்பு கிடைத்தால், தகுந்த ஆளுக்குச் செய்யலாம். வருகிற எல்லோருக்கும் மூன்று நாள் என்று சொல்பவரிடம்தான் சந்தேகம் வர வேண்டும். இன்னொன்று: ஃபிக்ஸ்சர் வைத்த மூன்றாவது நாலாவது வாரத்தில்தான் பிடிப்பு குறைந்திருக்கும். பழைய எலும்பின் இறுக்கம் தளர்ந்து புது எலும்பு இன்னும் கெட்டிப்படாத நேரம். வலியும் போயிருக்கும், ஆள் தைரியமாக முறுக்கு கடிப்பார். வேண்டாம்.

துளை போடும்போது உப்புநீர் தாரையாக விழுந்துகொண்டே இருக்க வேண்டும். எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே செத்துப்போகும். செத்த எலும்பில் திருகு ஒட்டாது. கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அதற்கும் இம்ப்ளான்ட் நுனிக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சிபிசிடி இல்லாமல் அந்த இடத்தில் டிரில் போடுவது இருட்டில் கிணறு தோண்டுவது. ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் காலையிலும் கீழுதடு மரத்தே இருந்தால் "சரியாயிடும்" என்று காத்திருக்காமல் அன்றைக்கே போய் நில்லுங்கள். நரம்பை அழுத்தும் இம்ப்ளான்ட்டை முதல் ஓரிரு நாளில் எடுத்தால்தான் பலன் அதிகம். ஸ்கேன் பிரின்ட்டோடு டைகாம் ஃபைலையும் (ஸ்கேனின் மூல கம்ப்யூட்டர் ஃபைல்) பென் டிரைவில் வாங்கி வையுங்கள். இன்னொரு டாக்டர் பார்க்க அதுதான் உதவும்.

வைக்கப்போவது யார் என்பதும் முக்கியம். இம்ப்ளான்ட்டுக்கென்று தனி எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) பிரிவு இந்தியாவில் கிடையாது. பல் கட்டும் பிராஸ்தோடான்டிஸ்ட், ஈறு நிபுணர், முகத்தாடை அறுவை நிபுணர் ஆகியோர் படிப்பிலேயே இதைத் தொடுகிறார்கள். நல்ல பயிற்சி பெற்ற பி.டி.எஸ். டாக்டர்களும் அருமையாக வைக்கிறார்கள். சென்னையில் பல சின்ன கிளினிக்குகளில் விசிட்டிங் டாக்டர் கிட்டோடு வந்து வைத்துவிட்டுப் போவார். அதில் தப்பில்லை. ஆனால் அவர் பெயரும் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் உங்கள் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். இந்த அம்மா திரும்பப் போனபோது ரிசப்ஷனில் சொன்னது: "அந்த டாக்டர் இப்போ வர்றதில்லைங்க." எந்த டாக்டர் என்று இவரால் சொல்ல முடியவில்லை, முகத்தில் பாதி மாஸ்க்.

ஒழுங்கான டாக்டர் வாயைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மாத்திரைச் சீட்டைப் பார்ப்பார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 7-க்குக் கீழே இருந்தால் நல்லது. 8-ஐத் தாண்டினால் தள்ளிப்போடச் சொல்வார். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை, வருஷம் ஒரு சோலெட்ரோனிக் ட்ரிப், ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகரெட் பற்றி யாரும் கேட்கவில்லை என்றால் அங்கே எதுவுமே கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

விலை உயர்ந்த ஸ்விஸ் சிஸ்டம்தான் நல்லது என்பதும் பாதி உண்மை. மலிவான கொரிய சிஸ்டம் சரியான இடத்தில், சரியான ஆழத்தில் வைத்தால் நன்றாகவே நிற்கும். பத்து வருஷம் கழித்தும் அதன் திருகும் அபட்மென்ட்டும் சென்னையில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. "லைஃப்டைம் வாரன்டி" என்று அட்டை கொடுத்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். பொதுவாகக் கம்பெனி தருவது மாற்று ஃபிக்ஸ்சர் மட்டும், அதுவும் டாக்டருக்கு. மறு அறுவை, புது கேப் எல்லாம் உங்கள் செலவு.

தவணையில் ஒரு பொறி இருக்கிறது. அம்மா 14,999-ஐக் கையில் கொடுத்தார். மீதி 44,000-க்கு பைனான்ஸ் கம்பெனி மூலம் 18 மாதத் தவணை, வட்டியில்லை என்றார்கள். கடன் தொகை முழுவதும் சர்ஜரி அன்றே கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது. பல் ஆடினாலும், கிளினிக் ஷட்டரை இழுத்தாலும் கடன் உங்கள் பெயரில் நிற்கும், தவணை தவறினால் சிபில் ஸ்கோர் அடிபடும். முடிந்தால் நிலை நிலையாகக் கொடுங்கள்: ஃபிக்ஸ்சர் வைத்த அன்று ஒரு பங்கு, அளவெடுக்கும்போது ஒரு பங்கு, கேப் மாட்டி எக்ஸ்ரே பார்த்தபின் மீதி.

பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் போடலாம் என்று சொன்னால், எடுக்குமுன் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். ரூட் கேனாலில் பிழைக்கிற பல்லாக இருக்கலாம். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காலையில் ஓ.பி. சீட்டு போட்டு, கொஞ்சம் காத்திருந்தால் எல்லாப் பிரிவு நிபுணர்களையும் பார்க்கலாம். விற்க வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் கேட்கும் இரண்டாவது கருத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

ஏற்கனவே மாட்டிக்கொண்டிருந்தால், வாய்ச்சண்டை போடாமல் கேஸ் ஷீட், எக்ஸ்ரேக்கள், ஸ்டிக்கர் நகல் மூன்றையும் எழுத்துமூலம் கேளுங்கள். மெயிலோ பதிவுத் தபாலோ, தேதி நிற்க வேண்டும். வேறொரு டாக்டர் எதையும் கழற்றுமுன் எக்ஸ்ரேயும் போட்டோவும் எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் குப்பையில் போடாமல் டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். டாக்டரின் தொழில்முறைத் தவறுக்குப் பல் மருத்துவ கவுன்சிலில் தனியாக மனு கொடுக்கலாம்.

அந்த அம்மாவுக்கு ஃபிக்ஸ்சரை எதிர்த்திசையில் திருகி எடுத்தாயிற்று. குழி ஆற நாலு மாதம், அப்புறம் புதிதாக ஒரு ஸ்கேன். மூன்று பாகங்களும் ஒரு மாத்திரை டப்பாவில் அவர் பீரோவில் இருக்கின்றன. தவணை இன்னும் எட்டு பாக்கி.