கல்வி டிவியா, ஜூம் கிளாஸா? எங்க வீட்டுல ரெண்டும் ஓடுச்சு

2020 லாக்டவுன்ல என் பையனும் அக்கா பொண்ணும் ஒரே வீட்டுல இருந்தாங்க. அவன் பிரைவேட் ஸ்கூல், ஜூம் கிளாஸ். அவ கவர்மென்ட் ஸ்கூல், தமிழ்நாடு அரசு பாடம் நடத்துற சேனலான கல்வி டிவி.

ஜூம்ல பெரிய பிளஸ் என்னன்னா புரியலன்னா உடனே கேட்கலாம். ஆனா கேட்டானான்னு கேட்டா இல்ல, வீடியோவ ஆஃப் பண்ணிட்டு கேம் ஆடிட்டு இருந்தான், அது தெரியவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. போன், டேட்டா, சிக்னல்னு செலவும் நம்ம தலையில, இதுல ஃபீஸ்ல மட்டும் பத்து பைசா குறைக்கல!

கல்வி டிவி 2019லயே ஆரம்பிச்சது, கேபிள் இருந்தா போதும், விட்டுப்போனா யூடியூப்ல பாத்துக்கலாம். பாடம் நிஜமாவே நல்லா நடத்துனாங்க. ஆனா டிவிகிட்ட சந்தேகம் கேட்க முடியாதே, பாவம் அவ கணக்குல மாட்டிக்கிட்டு முழிப்பா.

ரூல்ஸ் விஷயம் வேற. 2020 ஜூலைல மத்திய அரசு ஆன்லைன் கிளாஸுக்கு பிரக்யாதான்னு ஒரு வழிகாட்டுதல் விட்டாங்க, ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு செஷன், ஒவ்வொண்ணும் 30ல இருந்து 45 நிமிஷம், அதுக்கு மேல கூடாதுன்னு. எங்க பையன் ஸ்கூல்ல நாலு செஷன் ஓடுச்சு, யார் போய் கேட்குறது? டிவில அந்தத் தொல்லையே இல்ல, அரை மணி நேரத்துல புரோகிராம் முடிஞ்சிரும்.

என்னைக் கேட்டா சின்னப் பசங்களுக்கு டிவி, கூட உட்கார ஒரு பெரியவங்க. ஒன்பதாவதுக்கு மேலன்னா ஜூம் ஓகே, கேமரா ஆன்ல இருந்தா.