தென்னந்தோப்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பியா, அலுமினியமா?

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் தோப்பில் மீட்டரிலிருந்து மோட்டார் 60 மீட்டர் தூரம். "அலுமினியமே போதும்ணே, பாதி காசு மிச்சம்" என்றார் வயரிங் செய்ய வந்த தம்பி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பில் சுமார் 60 சதவீதம்தான். போக வர 120 மீட்டர் கம்பி, 8 ஆம்பியர் ஓட்டம் என்றால் 2.5 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்) செம்பில் வழியிலேயே சுமார் 6.5 வோல்ட் குறைந்துவிடும். அதே தடிமன் அலுமினியத்தில் அந்த இழப்பு 11 வோல்ட்டை நெருங்கும். 4 ஸ்கொயர் அலுமினியம் போட்டால் சரி, இரண்டும் சமம்.

எடையில் அலுமினியத்தை அடிக்க முடியாது. செம்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கம்பத்துக்குக் கம்பம் போகும் லைனில், நடுவே எஃகு வைத்துச் சுற்றிலும் அலுமினியம் முறுக்குவது அதனால்தான்.

வம்பு முழுக்க இணைப்பில். அலுமினியத்தின் மேல் காற்று பட்டதும் ஆக்சைடு படலம் உருவாகும். அது மின்சாரத்தை விடாது. திருகின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல நசுங்கி இடம் கொடுக்கும், பிடி தளரும். தளர்ந்த இடத்தில் தடை கூடும், சூடேறும், கருகும். செம்போடு நேரடியாக முறுக்கிவிட்டால், அதுவும் நம்மூர் மழை ஈரத்தில், அரிப்பு வேறு.

பழைய ஸ்டார்ட்டர் பெட்டியில் அந்தக் கருகல் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவன் நான். செம்பே வாங்கினேன். தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.