டொயோட்டா மிராய்: காரில் குறையில்லை, ஹைட்ரஜன் பங்கில்தான் பாடு

கலிபோர்னியாவில், ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா காரான இரண்டாம் தலைமுறை மிராயை ஆண்டுக்கணக்கில் ஓட்டினாலும் காரைப் பற்றிச் சொல்லப் பெரிய குறை எதுவும் இருக்காது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும், 330 செல்கள் அடுக்கிய 128 கிலோவாட் எரிபொருள் கலமும் சிறிய லித்தியம் பேட்டரியும் சேர்ந்து, மின்சாரக் காரைப் போலவே சத்தமில்லாமல் ஓட்டுகின்றன. மூன்று டேங்குகளில் 5.6 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும். அரசுச் சோதனைக் கணக்குப்படி அதற்கு 402 மைல் ஓடும். நெடுஞ்சாலையில் விரட்டுபவர்கள் கிலோவுக்கு 60 மைல் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு டேங்க் நடுவில் நீளவாக்கில் கிடப்பதால் பின்சீட்டில் மூன்றாவது ஆளுக்குக் கால் வைக்க இடமில்லை, டிக்கியும் சிறியதுதான்.

பாடெல்லாம் ஹைட்ரஜன் நிரப்பும் பங்கில்தான் தொடங்குகிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம் என்பது உண்மை, ஆனால் அது முதலில் வரும் காருக்கு. 700 பார் (காற்றழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்கு) அழுத்தத்தில் வேகமாக நிரப்பும்போது டேங்குக்குள் வாயு சூடாகும். 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதால் ஹைட்ரஜனை மைனஸ் 40 வரை குளிர்வித்து அனுப்புகிறார்கள். குளிரூட்டி மக்கர் செய்தால் பங்க் வேகத்தைக் குறைத்துவிடும், அல்லது பாதியில் நின்றுவிடும். அடுத்தடுத்து இரண்டு மூன்று கார்கள் நிரப்பினால் பங்கின் சேமிப்புத் தொட்டியில் அழுத்தம் இறங்கிவிடும். கம்ப்ரசர் அதை மீண்டும் ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் உடனே நிரப்பினால் டேங்க் முழுதாக நிரம்பாது.

காரில் மாட்டி நிரப்பும் நாசில் உறைந்து ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் பனியாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்து இழுக்கவே கூடாது. உள்ளே இருக்கும் சீல் கிழியும். சில நிமிடம் விட்டால் தானே இளகும். மாட்டுவதற்கு முன் நாசில் முனையிலும் காரின் வாயிலும் ஈரம் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கார், டேங்கின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அகச்சிவப்புக் கதிர் மூலம் பங்குக்குச் சொல்கிறது. அந்தக் கதிர் வரும் கண்ணில் தூசு படிந்திருந்தால் தொடர்பு அறுந்து, டேங்க் குறையாகவே நிரம்பும்.

விலைதான் மனதை உடைக்கிறது. கிலோ 13 முதல் 16 டாலர் வரை இருந்தது, 2023-ல் பல பங்குகளில் 36 டாலரைத் தொட்டது. அந்த விலையில் ஒருமுறை முழுதாக நிரப்ப 200 டாலர் ஆகும். காருடன் வந்த 15,000 டாலர் எரிபொருள் அட்டை, பழைய விலையில் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை ஓடியிருக்கும். புதிய விலையில் அதில் பாதிகூட ஓடாது. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்குகளை நிரந்தரமாக மூடியது. 2019 ஜூனில் சான்டா கிளாராவின் ஹைட்ரஜன் கிடங்கில் விபத்து நடந்தபோது சான் பிரான்சிஸ்கோ வட்டாரமே வரத்தின்றித் தவித்தது. ஒரே கிடங்கை நம்பி ஒரு வட்டாரமே இருப்பது எவ்வளவு பெரிய பலவீனம் என்பது அப்போது தெரிந்தது.

புகைக்குழாயில் வெறும் தண்ணீர்தான் வரும், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனை மின்பகுப்பில், அதாவது தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, எடுக்கவே 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அழுத்தவும் குளிர்விக்கவும் தனியாகச் செலவு உண்டு. அந்த ஒரு கிலோவில் மிராய் சுமார் 115 கி.மீ. ஓடும். அதே மின்சாரத்தை நேராக பேட்டரிக் காரில் ஏற்றினால் 300 கி.மீ. தாராளமாக ஓடும். தினமும் வீட்டுக்குத் திரும்பும் காருக்கு ஹைட்ரஜன் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. நிற்காமல் ஓடும் கனரக லாரிக்கு, அதுவும் தன் டிப்போவிலேயே பங்க் இருந்தால், கணக்கு வேறு.

பழைய மிராய் மிக மலிவாகக் கிடைக்கிறது, ஆசையும் வரும். வாங்குமுன் எரிபொருள் மூடிக்கு உள்ளே ஒட்டியுள்ள டேங்க் காலாவதி தேதியைப் பாருங்கள். தயாரித்ததிலிருந்து 15 ஆண்டுதான், அதற்குப் பின் நிரப்பக் கூடாது. எரிபொருள் அட்டை உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டிலிருந்து 15 மைலுக்குள், வெவ்வேறு இடத்திலிருந்து வரத்து பெறும் இரண்டு பங்குகளாவது இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதென்றால் விட்டுவிடுங்கள்.